எட்டாவது நகர்த்தலில் ராணி இல்லை

பெர்லின் டிஃபென்ஸ் என்ற செஸ் தொடக்கத்தின் முக்கியமான வரிசையை எட்டு நகர்த்தல்கள் ஆடிவிட்டுப் பலகையைப் பாருங்கள். கருப்புக்காய்க்காரர் மேல் பரிதாபம்தான் வரும். ராணி போய்விட்டது. ராஜா தன் கட்டத்திலிருந்து இழுக்கப்பட்டு டி8-இல் நிற்கிறது. ஒருமுறை நகர்ந்துவிட்டதால் இனி கேஸ்லிங் கிடையாது. சி பத்தியில் இரண்டு சிப்பாய்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வெளியே வந்திருப்பது ஒரே ஒரு குதிரை. அந்த ஒரு குதிரைக்கே நான்கு நகர்த்தல்கள் செலவாகியிருக்கின்றன.

செஸ் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் மூன்று விஷயம் சொல்லித்தருவார்கள். ராஜாவைச் சீக்கிரம் பத்திரப்படுத்து. சிப்பாய் வரிசையைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லாக் காய்களையும் வெளியே கொண்டுவா. இங்கே மூன்றும் மீறப்பட்டுவிட்டன. ஆனால் உலகின் மிகப்பெரிய ஆட்டக்காரர்கள் இந்த நிலையை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வதில்லை. முதல் நகர்த்தலிலிருந்தே இங்கே வரத்தான் திட்டம்.

எனக்கு இந்தத் தொடக்கத்தின் மேல் மூன்று வருடமாகப் பைத்தியம். அதற்குச் செஸ் மட்டும் காரணமில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல முதலில் செஸ்ஸைச் சொல்லியாக வேண்டும்.

*

வெள்ளை இ4, கருப்பு இ5. வெள்ளை தன் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்து சிப்பாயைத் தாக்குகிறது. கருப்பு குதிரையை சி6-இல் வைத்துக் காக்கிறது. மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் பி5-க்கு வந்து அந்தக் குதிரையை முறைக்கிறது. இதுதான் ஸ்பானிஷ் தொடக்கம். 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியப் பாதிரியார் ஒருவரின் பெயரில் ருய் லோபஸ் என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காய்க்காரர்களின் செல்லப்பிள்ளை.

இங்கே கருப்பு பெரும்பாலும் ஏ6 தள்ளி பிஷப்பைப் பார்த்து ‘என்ன, இருக்கியா போறியா?’ என்று கேட்கும். பெர்லினில் அப்படிக் கேட்பதில்லை. மற்றொரு குதிரையை எஃப்6-இல் வைத்து, பதிலுக்கு இ4 சிப்பாயைத் தாக்குகிறது. வெள்ளை கேஸ்லிங் செய்கிறது. கருப்புக் குதிரை இ4 சிப்பாயை எடுக்கிறது. வெள்ளை டி4 தள்ளி நடுவைத் திறக்கிறது. குதிரை டி6-க்குப் பின்வாங்கி, போகிற போக்கில் பிஷப்பைத் தாக்குகிறது. பிஷப் சி6 குதிரையை வெட்டுகிறது. கருப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. வெள்ளைச் சிப்பாய் இ5-ஐ எடுக்க, குதிரை எஃப்5-க்கு ஓடுகிறது. இப்போது டி பத்தி திறந்து கிடக்கிறது. ராணியும் ராணியும் நேருக்கு நேர். வெள்ளை ராணி டி8-இல் இறங்குகிறது; ராஜா அதை வெட்டுகிறது. எட்டு நகர்த்தல் முடிந்தது.

காய்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் எண்ணிக்கை சமமாக இருப்பது வேறு, நிலைமை சமமாக இருப்பது வேறு. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கருப்புக்கு மூன்று. ராணி பக்கத்தில் கருப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. சரிசமக் கணக்கு மாதிரித் தெரிகிறது, இல்லையா? வெள்ளையின் நான்கும் நான்கு பத்திகளில் ஆரோக்கியமாக நிற்கின்றன. முன்னேறி ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைவரை அனுப்ப முடியும். கருப்பின் நான்கில் இரண்டு ஒரே பத்தியில் முட்டிக்கொண்டு நிற்பதால் மூன்று சிப்பாய்களே அவற்றைத் தடுத்துவிடும். பலகையில் இருக்கும் யானை, குதிரை, பிஷப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ராஜாவையும் சிப்பாய்களையும் மட்டும் விட்டால் வெள்ளை ஜெயிக்கும். வெள்ளையின் கனவே அதுதான்: ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போவது.

கருப்புக்கு என்னதான் கிடைத்தது? இரண்டு பிஷப்புகள். வெள்ளையிடம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் கருப்புக் கட்டங்களில் மட்டும் ஓடுவது. வெள்ளைக் கட்டங்களில் ஓடும் தன் பிஷப்பைத்தான் ஆரம்பத்திலேயே குதிரைக்காகக் கொடுத்துவிட்டதே. இ5 வரை முன்னேறிய சிப்பாய் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது கடந்துவந்த பாதையின் பக்கத்துக் கட்டங்கள், எஃப்5-உம் இ6-உம் டி5-உம், காவலில்லாமல் போய்விட்டன. கருப்புக் குதிரை எஃப்5-இல் உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்ட வெள்ளை ஜி4 தள்ள நினைத்தால், கருப்பு முன்கூட்டியே ஹெச்5 தள்ளி வைக்கும். கேஸ்லிங் இல்லாததால் மூலையிலேயே கிடக்கும் யானைக்கு இதனால் ஹெச் பத்தியில் வேலை கிடைக்கிறது. ராணிகள் இல்லாத பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவுக்கும் அவ்வளவு ஆபத்தில்லை. இ8-க்குத் திரும்பலாம், சி8 வழியாக பி7-க்கு நடக்கலாம். நடந்து போகிற இடமெல்லாம் வேலைசெய்யும்.

கருப்பு இழந்தது எல்லாம் முதல் பார்வையிலேயே தெரிகிறது. வெள்ளை இழந்தது இருபது நகர்த்தல் கழித்துத்தான் தெரியவரும்.

*

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

பெங்களூரில் பதினோரு பேர் கொண்ட ஒரு அணிக்கு நான் தலைமையாக இருந்தேன். அம்மா இறந்து நாற்பது நாள் கழித்து, அப்பா உறையூர் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். கூட்டுறவு வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவர். எங்களோடு பெங்களூர் வர மறுத்துவிட்டார். “அங்க நாலாவது மாடியில உக்காந்து நான் யாரைடா பாக்கறது?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திருச்சியிலிருந்தே வேலை செய்கிறேன் என்று நிறுவனத்தில் கேட்டேன். செய்யலாம், ஆனால் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு முடியாது என்றார்கள். இரண்டு படி இறங்கி, தனியாகக் கோட் எழுதும் வேலை, சம்பளமும் அதற்கேற்ப. வீட்டில் ஒரு வாரம் பேசினோம். மனைவிக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை, மகள் எல்கேஜி. கிளம்பி வந்துவிட்டோம்.

சொந்தக்காரர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் பெர்லினின் எட்டாவது நகர்த்தல். சித்தப்பா கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தி, “என்னடா, வேலை போயிடுச்சா? சொல்லு, வெளிய சொல்ல மாட்டேன்” என்றார். அத்தை வேண்டுதல் ஒன்றைப் பரிந்துரைத்தார். பழைய சகா ஒருவன் தொலைபேசியில், “நல்ல முடிவு மச்சான், மனசுக்குப் பிடிச்சா சரி” என்றான். அந்த ‘சரி’யில் இரங்கல் கூட்டத்தின் மணம் இருந்தது. இழந்தது எல்லாம் வெளியே தெரிந்தது. பதவி, சம்பளம், ஊர். கிடைத்ததைக் காட்டச் சொன்னால் காட்ட என்ன இருக்கிறது? சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் திண்ணையில் ஒரு செஸ் பலகை.

அப்பாவுக்குச் செஸ் சோவியத் புத்தகங்களிலிருந்து வந்தது. எண்பதுகளில் நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் மலிவு விலைக்குக் கிடைத்த, கெட்டி அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே தொடக்கம், ஸ்பானிஷ். எப்போதும் வெள்ளைக்காய்தான் எடுப்பார். வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. நான் சின்ன வயதிலிருந்தே கருப்பு. தாக்குதல்தான் அவருக்கு ஆட்டம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். ராணி வெட்டுப்பட்டால் பாதிப் பேர் காய்களைக் கலைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அடுக்குவார்கள். “ராணி போனப்புறம் என்ன இருக்கு?” என்பது எங்கள் பக்கத்துச் செஸ் சித்தாந்தம்.

அதனால் நான் முதல்முறை பெர்லின் ஆடியபோது அப்பா எட்டாவது நகர்த்தலில் ராணியை வெட்டிவிட்டு என்னையே பார்த்தார். “என்னடா இது. ஆரம்பத்துலயே எல்லாத்தையும் குடுத்துட்டு உக்காந்திருக்கே.”

அவர் செஸ்ஸை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னால் மகன் கெட்டான் என்ற நினைப்பு ஒரு மனிதரை எப்படி அரிக்கும் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்றுகூடச் சொல்ல மாட்டார். செய்தித்தாளில் பெங்களூர் வேலைவாய்ப்புச் செய்தி வந்தால் அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து என் மேஜையில் வைப்பார்.

*

2000ஆம் ஆண்டில் காஸ்பரோவ் பதினைந்து வருடமாக உலக சாம்பியன். காய்கள் நிறைந்த பலகையில், ராணி உயிரோடிருக்கும் சிக்கலில், அவரை மாதிரி இன்னொருவர் கிடையாது. எதிரே இருபத்தைந்து வயது கிராம்னிக். 1995இல் ஆனந்துக்கு எதிரான உலகப் போட்டியில் காஸ்பரோவின் உதவியாளர்களில் ஒருவராக இருந்தவர். அவருடைய சமையலறையை உள்ளே இருந்து பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் முதல் ஆட்டத்திலேயே கிராம்னிக் கருப்புக்காயில் பெர்லினை எடுத்தார். அப்போது அது கிட்டத்தட்டப் பழைய சாமான். 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த தற்காப்பு. இமானுவேல் லாஸ்கர் போன்றவர்கள் ஆடியது. பின்னாளில் உச்ச ஆட்டங்களில் அபூர்வமாகிவிட்டது. இருபத்தைந்து நகர்த்தலில் டிரா. மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது ஆட்டம், பதின்மூன்றாவது ஆட்டம் என மீண்டும் மீண்டும் காஸ்பரோவ் அதே ராணியில்லாப் பலகைக்குள் நுழைந்தார். நான்கும் டிரா. மொத்தம் பதினைந்து ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை. கிராம்னிக் வெள்ளைக்காயில் இரண்டை ஜெயித்து, 8.5–6.5 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

நிஜப் பெர்லின் சுவர் 1989இல் விழுந்தது. பதினோரு வருடம் கழித்துப் பலகையில் இன்னொரு பெர்லின் சுவர் எழுந்தது என்று எழுதினார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றுவதில்லை. சுவர் என்றால் அசையாமல் நின்று தடுப்பது. பெர்லினில் கருப்பு சும்மா நின்றால் செத்தது. குதிரை எஃப்5-இலிருந்து இ7, ஜி6 என்று அலையும், ராஜா நடக்கும், யானை ஓரத்தில் வேலை செய்யும், இரட்டைச் சிப்பாயில் ஒன்று சி5-க்கு நகர்ந்து, பின்னாலிருப்பவனுக்கு மூச்சுவிட இடம் தரும். எல்லாமே சின்னச் சின்ன அசைவுகள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

கிராம்னிக் செய்த காரியத்தை என் தொழில் பாஷையில் சொன்னால் சுலபம். பெரிய மென்பொருள் அமைப்புகளை வடிவமைக்கும்போது, எது விழுந்தாலும் எதுவும் விழாத அமைப்பு என்று ஒன்று கிடையாது என்பதிலிருந்துதான் தொடங்குவோம். நெருக்கடி வந்தால் எதை முதலில் கைவிடுவது என்பதை நிம்மதியான நாளிலேயே முடிவுசெய்து வைப்போம். ஒரு விற்பனைத் தளத்தில் ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ பகுதி அணைந்து போகலாம், படங்கள் மங்கலாக வரலாம். பணம் கட்டும் இடம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முயலும் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து இழக்கும். கிராம்னிக் ராணியையும் கேஸ்லிங்கையும் சிப்பாய் அழகையும் தானே முன்வந்து கொடுத்தார். பதிலுக்கு, காஸ்பரோவ் எந்தப் பலகையில் பயங்கரமானவரோ அந்தப் பலகையே ஆட்டத்தில் இல்லாமல் செய்தார்.

அன்றைய செஸ் கணினிகள் இந்த நிலையை வெள்ளைக்குச் சாதகம் என்றே காட்டிவந்தன. அவற்றுக்கும் என் சித்தப்பாவின் பார்வைதான். கெட்டுப்போன சிப்பாய் வரிசை, கேஸ்லிங் இழந்த ராஜா என்று கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்தன. பிறகு மனிதர்களின் ஆட்டம் எதையும் பார்க்காமல் தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஜீரோ வந்தது. அது எப்படிக் கற்றது என்று ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், ஸ்பானிஷுக்குப் பதிலாக அது பயிற்சியின் ஊடாகப் பெர்லின் பக்கம் சாய்வதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் கிராம்னிக். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து ‘நீ செஞ்சது சரிதான்பா’ என்று சொல்வதுபோல.

*

ஆனந்தின் ரசிகர்களுக்குப் பெர்லின் அத்தனை இனிப்பான பெயரில்லை.

2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் மேக்னஸ் கார்ல்சனும் மோதினார்கள். ஆனந்துக்கு நாற்பத்து மூன்று, கார்ல்சனுக்கு இருபத்திரண்டு. நான் முதல் வேலையில் இருந்தேன். அலுவலகத்தில் பாதிப் பேரின் திரையில் ஓர் ஓரத்தில் அந்தப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் இ4 தள்ளினார். கார்ல்சன் பெர்லின். அதே எட்டு நகர்த்தல், ராணிகள் போயின. கருப்பு ராஜா சி8-க்கு நடந்தது. பதினெட்டாவது நகர்த்தலில் கார்ல்சனின் பிஷப் தனியாகப் போய் ஏ2 சிப்பாயை எடுத்தது. பி3 தள்ளினால் திரும்பும் பாதை அடைபடும், பிஷப் மாட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. அடுத்த நகர்த்தலில் சி4 என்று இரட்டைச் சிப்பாயில் ஒன்றைத் தள்ளி வழியைத் திறந்தார். ஊனம் என்று எல்லோரும் சொன்ன அந்தச் சிப்பாய்தான் கதவைத் திறந்தது. ஆனந்த் போராடி அறுபத்து நான்கு நகர்த்தலில் டிரா செய்தார். ஆறாவது ஆட்டத்தில் மறுபடியும் பெர்லின்; இம்முறை ஆனந்த் டி3 தள்ளி ராணிப் பரிமாற்றத்தைத் தவிர்த்தார். ஆனாலும் நீண்ட யானை இறுதியாட்டத்தில் தோற்றார். பட்டம் 6.5–3.5 என்று போனது.

அடுத்த வருடம் சோச்சியில் அதே இருவர். இம்முறை பெர்லினின் கருப்புப் பக்கம் உட்கார்ந்தவர் ஆனந்த். ஏழாவது ஆட்டத்தை நான் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கார்ல்சன் அழுத்துகிறார். ஆனந்த் ஒரு பிஷப்பையே சிப்பாய்களுக்காகக் கொடுத்துவிட்டு, இதைக் காப்பாற்ற முடியும் என்று உட்கார்கிறார். ஆறு மணி நேரத்துக்கும் மேல். கடைசியில் கார்ல்சனிடம் யானையும் குதிரையும், ஆனந்திடம் யானை மட்டும். அது டிரா என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஆடிப் பார்க்கிறார்கள். 122 நகர்த்தல்கள். டிரா. ஸ்கோர் அட்டையில் அரைப் புள்ளி.

பதினோராவது ஆட்டத்திலும் பெர்லின். ஆனந்த் இருபத்து மூன்றாவது நகர்த்தலில் பி5 தள்ளினார். பார்த்தவர்கள் துள்ளினார்கள், கருப்பு மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. நான்கு நகர்த்தல் கழித்து யானையை பி4-இல் வைத்து, அதைவிட மதிப்புக் குறைந்த பிஷப்புக்குக் கொடுத்தார். கணக்கு கூடிவரவில்லை. நாற்பத்தைந்தாவது நகர்த்தலில் ஆட்டமும் போட்டியும் முடிந்தன.

இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே தற்காப்பு, இரண்டிலும் காய் கொடுக்கிறார். ஒன்றில் கொடுத்தது நிற்கிறது, இன்னொன்றில் நிற்கவில்லை. ஆகவே ‘விட்டுக்கொடுத்தால் நல்லது நடக்கும்’ என்று பெர்லினிலிருந்து நீதி எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு என் வேண்டுகோள், அந்தப் பதினோராவது ஆட்டத்தையும் பாருங்கள். தியாகம் என்ற சொல்லுக்குப் பலகையில் எந்தப் புண்ணியமும் கிடையாது. கொடுத்ததற்கு ஈடாக எந்தக் கட்டம், எந்தக் காய் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

*

என்னால் காட்ட முடியுமா? இந்தக் கேள்வி ராத்திரிகளில் வரும்.

பெர்லினில் கருப்புக்கான விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, கண்மூடித்தனமாக வெட்டிக்கொள்ளாதே என்பது. எல்லாம் வெட்டுப்பட்டுச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் தோல்வி என்று முன்பே பார்த்தோம். எதை வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவு இழந்தாயோ அதை இழக்காதே. குறிப்பாக அந்த இரண்டு பிஷப்புகளை. அதில் ஒன்றைக் காரணமில்லாமல் கொடுத்துவிட்டால், எட்டாவது நகர்த்தல்வரை கொடுத்த எல்லாமே வீண்.

திருச்சிக்கு வந்த முதல் வருடமே இதைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு நேரத்தில் ஒரு கூடுதல் வேலை, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து. இறங்கிய சம்பளம் திரும்ப ஏறிவிடும். கணக்குப்படி லாபம். ஆனால் ஆறிலிருந்து பத்துதான் என் இரண்டு பிஷப். அந்த நேரத்தில்தான் மகள் தாத்தாவுக்கு ‘அ’ எழுதிக் காட்டுகிறாள், அப்பா பூண்டு உரிக்கிறார், பலகை விரிகிறது. வேண்டாமென்று எழுதி அனுப்பினேன். யாருக்கும் தெரியாத அந்த மின்னஞ்சல்தான் பெங்களூரை விட்டதைவிடப் பெரிய நகர்த்தல் என்று இன்றும் நினைக்கிறேன். ஊரைவிட்டு வந்தது எல்லோருக்கும் தெரிந்த எட்டாவது நகர்த்தல். ஒன்பதாவதிலிருந்து புத்தகம் கிடையாது, நாமேதான் ஆட வேண்டும்.

வெள்ளையின் நான்கு சிப்பாய்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. நாற்பதை நெருங்குகிறேன். இளைய பொறியாளர்கள் எனக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கே ஆட்குறைப்பு என்றால் முதல் பட்டியலில் யார் இருப்பார்கள் என்று கணக்குப் போட மூளை வேண்டியதில்லை. பெர்லினை எத்தனை முறை ஆடினாலும் அந்தப் பெரும்பான்மை மறைந்துபோவதில்லை. இ6-இல் ஒரு காயை உட்காரவைத்துத் தடுத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவே. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. போதுமானது என்ற சொல்லைச் செஸ் வர்ணனையாளர்கள் டிராவுக்குப் பயன்படுத்துவார்கள்.

அப்பா மெல்ல மாறினார். முதல் ஆறு மாதம் ராணியை வெட்டிவிட்டு, வேண்டா வெறுப்பாக ஆடுவார். பிறகு அந்தப் பலகையில் அவருக்கே சுவாரசியம் வந்தது. தன் நான்கு சிப்பாய்களையும் தள்ளி உருட்டப் பார்ப்பார். எஃப்5 குதிரையிடம் வந்து மாட்டும். “இந்தக் குதிரையை எங்கேர்ந்துடா புடிச்சே” என்பார். இரண்டாம் வருடம், பிஷப்புகளைப் பரிமாறிக்கொள்ள வழி தேட ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கருப்பிடம் என்ன இருக்கிறது என்பதை அவர் பார்த்துவிட்டார். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தானே அதை எடுக்கத் தோன்றும்? வேலைவாய்ப்புப் பக்கத்தை மடித்து வைப்பது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் குழம்பில் புளி அதிகம் என்று சத்தமாகச் சொன்னார். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். வழக்கம்போல இ4, இ5, குதிரை, குதிரை, பிஷப் பி5. நான் குதிரையை எஃப்6-இல் வைத்தேன். கேஸ்லிங் செய்ய அவர் கை ராஜாவின் மேல் போனது. நின்றது. வெகுநேரம் யோசித்துவிட்டு, டி சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார்.

டி3. உச்ச ஆட்டக்காரர்கள் பெர்லின் இறுதியாட்டத்தில் முட்டிமுட்டிப் பார்த்துவிட்டு, அதற்குள் போகாமலிருக்கக் கைக்கொண்ட அதே சின்ன நகர்த்தல். அப்பா அதை எங்கும் படித்திருக்க வழியில்லை. அவருடைய புத்தகங்கள் அதற்கெல்லாம் முந்தையவை.

“என்னப்பா, ராணியை வெட்டலையா?”

“வேணாம்டா. வெட்டிக்கிட்டா உன்னை ஒண்ணும் பண்ண முடியல.” கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எல்லாம் பலகையிலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஆடுவோம்.”

நான் பிஷப்பை சி5-க்குக் கொண்டுபோனேன். அன்று ராத்திரி சாப்பிட ஒன்பதரை ஆகிவிட்டது.